தலையில் மாட்டினால் கைக்கு வருமா?

தீயணைப்பானிலிருந்து தொடங்கலாம். ஆலையோ அலுவலகமோ மருத்துவமனையோ, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் காட்டப்படும் பொருள் அது. சிவப்பு உருளையைச் சுவரிலிருந்து இறக்கு, பின்னை இழு, குழாயைத் தீயின் அடிப்பக்கம் திருப்பு, கைப்பிடியை அழுத்தி இடமும் வலமுமாக வீசு. காகிதத்தில் ஒரே வரி. கையில் எடுத்தால்தான் மற்றது தெரியும். உருளை கனக்கும். பின்னோடு கட்டியிருக்கும் பிளாஸ்டிக் முத்திரை சட்டென்று அறுபடாது. பதற்றத்தில் பலர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டே பின்னை இழுப்பார்கள். இறுக்கினால் பின் மாட்டிக்கொள்ளும், வராது. ஒருவழியாக வந்துவிட்டால் பொடி சீறும் சத்தத்துக்கே ஒருவர் பின்வாங்குவார். சின்ன உருளை சில விநாடிகளில் காலியாகியும் விடும்.

இதே பயிற்சியை வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டில், கண்ணை மூடித் தலையில் மாட்டும் அந்தத் திரையில், செய்து பாருங்கள். தீ தத்ரூபமாக எரிகிறது, புகை கூரையில் படர்கிறது, அபாய மணி காதைத் துளைக்கிறது. ஆனால் பின்னை இழுப்பது என்பது ஒரு பொத்தானை அழுத்துவது. கையில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பிடி. கனமும் இல்லை, முத்திரையும் இல்லை. பத்து நிமிடம் கழித்து ஹெட்செட்டைக் கழற்றுபவர் முகம் மலர்ந்து, 'சூப்பராக இருந்தது' என்கிறார். சரி, அவருக்கு என்ன வந்திருக்கிறது?

பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி வெட்டவெளியில் நடத்தும் பயிற்சியில் கற்றுத்தர முடியாத சிலவற்றை ஹெட்செட் கற்றுத்தரும். இந்தத் தீயை நான் அணைக்கப் பார்ப்பதா, ஓடுவதா? முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கிறதா? மின்பெட்டியில் பிடித்த தீ என்றால் எந்த உருளையை எடுப்பது? இவை முடிவெடுக்கும் வேலைகள், கைக்கனம் தேவையில்லாதவை. பின்னை இழுக்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய உருளையும் இரண்டு நிமிடமும் போதும். வேலையின் எந்தத் துண்டை ஹெட்செட்டிடம் ஒப்படைக்கிறோம், எதை வெளியே வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் வி.ஆர். பயிற்சி வடிவமைப்பின் முதல் கேள்வி. விற்க வருபவரின் டெமோவைப் பார்த்து மயங்கிய கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

படம் எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல பயிற்சி என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்தத் துறையின் பழைய வெற்றிக் கதைகள் இரண்டு அதற்கு நேர் எதிராக இருக்கின்றன.

முதலாவது, நீலப் பெட்டி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் ஆலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று தரும் துருத்திகளை எடுத்து, அவற்றின்மேல் குட்டை இறக்கை வைத்த ஒரு பெட்டியை உட்கார வைத்து, 1929-ல் விமானப் பயிற்சி இயந்திரம் ஒன்றைச் செய்தார் மகன். ஆரம்பத்தில் கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்றது. குளிர்காலம், மேகம், பனி, வெளியே ஒன்றும் தெரியாத வானம். விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள்.

அந்தப் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளிக்காட்சி என்று எதுவுமே கிடையாது. கருவி முள்களும் கைப்பிடியும் கால்மிதிகளும் மட்டும். பழக வேண்டியதும் அதுவேதான்: கண்ணையும் உடம்பையும் நம்பாமல் கருவிகளை நம்பி ஓட்டுவது. வானத்தைத் தத்ரூபமாக வரைந்து காட்டியிருந்தால் பயிற்சி கெட்டிருக்கும்.

இரண்டாவது கதை அறுவை அரங்கில் நடந்தது. 2002-ல் அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி இதழில் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவர்கள் 16 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி மட்டும்; மற்றவர்களுக்குக் கூடுதலாக மிஸ்ட் வி.ஆர். என்ற கணினிப் பயிற்சி. பிறகு எல்லோரும் துளைவழி அறுவையில் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், நிஜ நோயாளிக்கு, மூத்த மருத்துவர் பக்கத்தில் நிற்க. யார் எந்தக் குழு என்று தெரியாதவர்கள் அந்த வீடியோக்களைப் பார்த்துப் பிழைகளை எண்ணினார்கள். வி.ஆர். பழகியவர்கள் 29% வேகமாக முடித்தார்கள். பிழைகள் சராசரியாக 1.19, பழகாதவர்களுக்கு 7.38. பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ கருவியின் மின்சூட்டால் பக்கத்துத் திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது.

இதில் நான் ரசிப்பது, மிஸ்ட் வி.ஆர். திரையில் பித்தப்பையே கிடையாது என்பதை. ஈரலும் இல்லை, ரத்தமும் இல்லை. உருண்டைகளும் பெட்டிகளும் மட்டுமே. ஒரு கையால் பொருளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குறித்த இடத்தைச் சுட வேண்டும். பிடி மட்டும் அறுவைக் கருவியைப் போலவே இருந்தது, கை ஒரு பக்கம் அசைந்தால் முனை மறுபக்கம் போகும் அந்த விசித்திரம் உட்பட. ஆக, கண்ணுக்குப் பொம்மை, கைக்கு நிஜம்.

அதைவிட முக்கியமாக இன்னொன்றைச் செய்தார்கள். இத்தனை மணி நேரம் பழகு என்று அவர்கள் சொல்லவில்லை. அனுபவமுள்ள அறுவை மருத்துவர்களை அதே இயந்திரத்தில் உட்கார வைத்து அவர்களுடைய அளவை எடுத்துக்கொண்டு, பயிற்சி மருத்துவர்கள் அந்த அளவை எட்டும்வரை பழக வைத்தார்கள். ஒருவருக்குச் சீக்கிரம் வரும், இன்னொருவருக்கு இழுக்கும், போகட்டும். இன்று நிறுவனங்களில் நடக்கும் வி.ஆர். பயிற்சிகளில் பெரும்பாலானவை 'ஒருமுறை பார்த்தாயிற்று, சான்றிதழ் தந்தாயிற்று' வகை. மலிவான பவர்பாயின்ட்டை விலை உயர்ந்த கண்ணாடியில் ஓட்டுவதற்குச் சமம் அது. ஏட்டுச் சுரைக்காயை முப்பரிமாணத்தில் காட்டினாலும் கறிக்கு ஆகாது.

படம் நிஜமாக இருப்பது பயிற்சியைக் கெடுக்கவும் கூடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. டென்மார்க்கின் கிடோ மக்ரான்ஸ்கியும் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் சேர்ந்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே அறிவியல் ஆய்வகப் பாடத்தை 52 மாணவர்கள் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் செய்தார்கள். மூளை மின்னலைகளையும் அளந்தார்கள். ஹெட்செட் போட்டபோது 'அங்கேயே இருப்பது போன்ற' உணர்வு கூடியது, கற்றது குறைந்தது, மூளைக்குச் சுமை ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜோஸ்லின் பரோங்கும் மேயரும் செய்த சோதனையிலும் அதே கதை. ரத்த ஓட்டத்துக்குள் பயணம் போகும் வி.ஆர். பாடத்தைப் பார்த்தவர்கள் குதூகலமாக வந்தார்கள். அதே பாடத்தைச் சாதாரணப் படவில்லைகளில் பார்த்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள்.

காரணம் புரியாத ஒன்றல்ல. நம் மனம் ஒரு நேரத்தில் கையாளக்கூடிய புதுச் செய்திகள் கொஞ்சமே. சுற்றிலும் ஆயிரம் வேடிக்கை இருந்தால் அந்தக் கொஞ்சமும் வேடிக்கைக்கே போய்விடும். திருவிழாக் கூட்டத்தில் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க முடியுமா? ஆனால் பரோங்கும் மேயரும் அதோடு நிறுத்தவில்லை. வி.ஆர். பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பார்த்ததைச் சொந்த வார்த்தையில் எழுத வைத்தார்கள். எழுதியவர்கள், எழுதாமல் பார்த்தவர்களை விட நன்றாகக் கற்றார்கள். பயிற்சி வடிவமைப்பவர் பணம் செலவழிக்காமல் சேர்க்கக்கூடிய பகுதி இதுதான்: நிறுத்து, ஹெட்செட்டைக் கழற்று, என்ன நடந்தது சொல்லு, ஏன் அப்படிச் செய்தாய்? அறையில் ஒரு மூத்த ஊழியர் இருந்து இந்தக் கேள்விகளைக் கேட்டால், ஹெட்செட்டுக்குள் இருந்த பத்து நிமிடத்துக்கு மதிப்பு வரும். அதற்கு அவருடைய நேரத்தை ஒதுக்க வேண்டும். அங்கேதான் பட்ஜெட் கூட்டங்களில் கத்தரி விழுகிறது.

எந்த வேலைக்கு வி.ஆர். பொருந்தும்? ஸ்டான்ஃபோர்டில் பல ஆண்டுகளாக இதை ஆராயும் ஜெரமி பெய்லென்சன் நான்கு வகை சொல்கிறார். நிஜத்தில் செய்தால் ஆபத்தானது, செய்யவே முடியாதது, செய்தால் கெடுதல் விளைவிப்பது, செலவு தாங்காதது. இந்த நான்கில் எதிலும் அடங்காத வேலைக்கு ஹெட்செட் தேவையில்லை என்பது என் எண்ணம். விடுப்பு விண்ணப்பம் போடக் கற்றுத்தரும் வி.ஆர். எல்லாம் ஆடம்பரம்.

வால்மார்ட் அதிகம் பேசப்படும் உதாரணம். 2018-ல் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 ஹெட்செட்டுகள் அனுப்பப் போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதன் பாடங்களில் ஒன்று, நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைத் தள்ளுபடிக் கூட்டத்தைச் சமாளிப்பது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவில் நின்றவர்களுக்கு அந்த நாளை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டம். ஒத்திகைக்காக அதை வரவழைக்க முடியாது. புது ஊழியரை அன்று நேரடியாக இறக்கினால் அவரும் திணறுவார், வாடிக்கையாளரும் திணறுவார். வி.ஆருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது கடினம். படம் பிடித்த 360 பாகைக் காட்சியே போதும். ஊழியர் சுற்றிப் பார்த்து எதைக் கவனித்தார், எதைத் தவறவிட்டார் என்பதே பாடம்.

அதே நிறுவனம் இன்னொரு கணக்கும் சொன்னது. இணையத்தில் வாங்கிய பொருளை எடுத்துத்தரும் கோபுர இயந்திரத்தைக் கையாள முன்பு எட்டு மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டதாம், வி.ஆரில் 15 நிமிடம் ஆகிவிட்டதாம். நம்ப முடியாத வித்தியாசம். அதில் எவ்வளவு ஹெட்செட்டின் புண்ணியம், எவ்வளவு கத்தரிக்கோலின் புண்ணியம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு கொடுத்துக் காட்சி தயாரிக்க வேண்டும் என்றால், எட்டு மணி நேரப் பாடத்தில் எது உண்மையில் தேவை என்று யாரோ உட்கார்ந்து வெட்டித்தானே ஆக வேண்டும்? அந்த வெட்டை வி.ஆர். இல்லாமலும் செய்யலாம்.

உடம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊட்டி மலைப்பாதையில் பேருந்துக்குள் கைப்பேசியைப் பார்த்தபடி போனால் ஏன் குமட்டுகிறது? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'அசைகிறோம்' என்கிறது, கண் 'இல்லையே' என்கிறது. வி.ஆரில் இது தலைகீழ்: கண் 'நடக்கிறோம்' என்கிறது, காது 'நாற்காலியில்தானே இருக்கிறோம்' என்கிறது. ஆகவே ஊழியரைக் காட்சிக்குள் மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போகும் பயிற்சி மோசமான பயிற்சி. அவர் நிற்கும் இடத்திலேயே வேலை வரட்டும். இடம் மாற வேண்டுமானால் ஒரே தாவலில் மாறட்டும். தலையைத் திருப்புவதற்கும் படம் திரும்புவதற்கும் இடையே 20 மில்லி விநாடிக்குமேல் ஆனாலும் தொந்தரவுதான். இரண்டு கண்மணிகளுக்கு இடையேயுள்ள தூரத்துக்கு ஏற்ப லென்ஸைச் சரிசெய்யாவிட்டால் தலைவலி வரும். பெண்களுக்கு அந்தத் தூரம் சராசரியாகக் குறைவு, பல கருவிகள் அவர்களை நினைத்துச் செய்யப்படவில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் யாரையும் உள்ளே வைக்காமல் இருப்பது நல்லது. குமட்டுகிறவர் கழற்றிவிட்டு வேறு வழியில் அதே பாடத்தைப் படிக்க ஏற்பாடும் இருக்க வேண்டும், அவரை யாரும் கேலி செய்யாதபடி.

அப்புறம், நம் ஊர் ஆலைக்குள் கொண்டுவந்தால் எழும் சில சில்லறைச் சங்கதிகள். ஹெட்செட்டின் பட்டை பின்னந்தலையைச் சுற்றி வருகிறது. கொண்டையும் மல்லிகைச் சரமும் இருக்கும் இடமும் அதுதான். தலைக்கு எண்ணெய், மே மாத வியர்வை, முப்பது பேர் மாறி மாறிப் போடும் ஒரே நுரைப்பஞ்சு. துடைக்கக்கூடிய உறை வாங்காமல் திட்டம் தொடங்கினால் இரண்டாம் வாரமே யாரும் தொடமாட்டார்கள். எழுத்தும் ஒரு தொல்லை. இன்றைய சாதாரண ஹெட்செட்டுகள் பார்வையின் ஒரு பாகைக்கு 20 முதல் 25 புள்ளிகள்தான் காட்டுகின்றன. நல்ல கண்ணால் 60 வரை பிரித்தறிய முடியும். ஆங்கில எழுத்து எப்படியோ தப்பிக்கிறது. தமிழில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மங்கி மறைந்துவிட்டால் சொல்லே மாறிவிடும். ஆகவே எழுதிக் காட்டாதீர்கள், பேசுங்கள். அதுவும் 'அடைப்பிதழை வலஞ்சுழியாகத் திருப்பவும்' என்று பேசாமல், தளத்தில் மேஸ்திரி சொல்வது போல 'வால்வை மூடுங்க, வலது பக்கம் திருப்புங்க' என்று.

வெல்டிங் பயிற்சியில் இந்த எல்லா இழைகளும் ஒன்றாகச் சந்திக்கின்றன. லிங்கன் எலெக்ட்ரிக் போன்றவை செய்த வி.ஆர். வெல்டிங் கருவிகளில் கையில் பிடிப்பது விளையாட்டுப் பிடியல்ல. வெல்டிங் கன் வடிவத்திலேயே செய்த கருவி. திரை வெல்டரின் முகமூடிக்குள் இருக்கிறது. கன் சரியான கோணத்தில் இருக்கிறதா, வேகம் சரியா, தூரம் சரியா என்று கண்முன் குறிகள் காட்டும். அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிடவும் முடியும். குழந்தைக்கு நடைவண்டி கொடுப்பதும் பிறகு பிடுங்குவதும் போல. பிடுங்க மறந்தால் குறியைப் பார்த்து ஓட்டத் தெரிந்த வெல்டர் உருவாவார், உலோகத்தைப் பார்த்து ஓட்டத் தெரியாது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நேரத்தில் பாதி வி.ஆர்., பாதி நிஜ வெல்டிங் என்று பழகியவர்கள், முழுக்க நிஜத்தில் பழகியவர்களை விட அதிகமாகத் தகுதிச் சான்று பெற்றார்கள். பொருள் செலவும் குறைந்தது. அப்படியானால் முழுக்க வி.ஆரே போதுமா என்று அடுத்துப் பார்த்தார்கள். சுலபமான இணைப்புகளுக்குப் போதும் போலிருந்தது. கடினமானவற்றுக்குக் கலவைதான் தேவைப்பட்டது. திருவெறும்பூர்ப் பட்டறைகளில் யாரைக் கேட்டாலும் இதை ஆய்வில்லாமலே சொல்வார்கள். சூடு, பொறி, கேபிளின் இழுப்பு, வாணலியில் எண்ணெய் பொரிவது போல வர வேண்டிய அந்தச் சத்தம். கடைசிப் படிகளில் இவைதான் ஆசான்.

பழகுகிறவர் பிழை செய்ய வேண்டும், பயமில்லாமல். சொல்லச் சுலபம். ஆனால் ஹெட்செட் ஒரு கண்காணிப்புக் கருவியும்கூட: தலை எங்கே திரும்பியது, கை எவ்வளவு நடுங்கியது, எத்தனை நொடி தயங்கினார், எல்லாம் பதிவாகிறது. 2020-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், 511 பேரின் தலை, கை அசைவுகளை ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகப் பதிவு செய்து, அதை வைத்தே இன்னார் யார் என்று 95% துல்லியமாகக் கணினி சொல்லிவிட்டது. பெயரை நீக்கிவிட்டோம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. பதவி உயர்வு முடிவுகளுக்கும் வி.ஆர். மதிப்பீட்டைப் பயன்படுத்திய நிறுவனங்கள் உண்டு. பழகுவதும் தேர்வெழுதுவதும் ஒரே கருவியில், ஒரே கணக்கில் நடந்தால் யாரும் துணிந்து தவறு செய்ய மாட்டார்கள். எந்தப் பதிவு மேலதிகாரிக்குப் போகும், எது அன்றே அழிக்கப்படும் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுப்பது வடிவமைப்பின் பகுதி, சட்டப் பிரிவின் வேலை என்று தள்ளிவிடக்கூடாது.

பணக் கணக்குக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது பி.டபிள்யூ.சி. என்ற ஆலோசனை நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை. வகுப்பறைப் பயிற்சியின் செலவுக்கு வி.ஆர். இறங்கி வர 375 பேராவது பழக வேண்டும். கணினி வழிப் பாடத்தின் செலவுக்கு இறங்கி வர 1,950 பேர். நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இந்த எண்களே பதில். அதே அறிக்கையில், பயிற்சிக்குப் பிறகு கற்றதைச் செயல்படுத்தும் தன்னம்பிக்கை 275% கூடியது என்ற எண்ணும் உண்டு. விற்பனைக் காகிதங்களில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். சக ஊழியர்களோடு பழகும் முறை பற்றிய பாடம் அது, அங்கே தன்னம்பிக்கைக்கு இடமுண்டு. தீயணைப்பானிலோ கொதிகலனிலோ, திறமை ஏறாமல் தன்னம்பிக்கை மட்டும் ஏறியவரை அருகில் நிறுத்த நான் அஞ்சுவேன். ஊழியருக்குப் பிடித்ததா என்பதைவிட, மூன்று மாதம் கழித்து வேலையில் என்ன செய்கிறார் என்று பார்த்து எண்ணுவதுதான் அளவுகோல். பித்தப்பை ஆய்வில் செய்தது போல, எண்ணுகிறவருக்கு யார் எதில் பழகியவர் என்று தெரியக்கூடாது.

இந்தக் கணக்குகளில் வராத ஒரு செலவு இருக்கிறது. இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையைப் புதிதாக மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்விடுகிறது. வகுப்பறையில் என்றால் பயிற்சியாளர் மறுநாளே மாற்றிச் சொல்லிவிடுவார். வி.ஆர். காட்சியைச் செய்து தந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் போன ஆண்டே முடிந்துவிட்டது. மாற்றித்தர புதிய விலை கேட்கிறார்கள். கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. அதுவரை ஒவ்வொரு புது ஊழியரும் ஹெட்செட் மாட்டி, இடது கையை நீட்டி அழுத்துவதை அனிச்சையாக வரும்வரை பழகிக்கொண்டே இருக்கிறார்கள். பயிற்சி நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தால் அந்தக் கை இன்னும் வேகமாக இடப்பக்கம் போகும்.